ஒன்பது தரம் சம்பியன், ஆனாலும் 'உள்ளூர்' ஆள்

ஒரு விளையாட்டுக்காரரைப் பற்றிக் கதை தொடங்கினால் எங்கட ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எதுவரைக்கும் போனவர்?" என்பதுதான். மாவட்டம் வரைக்குமா, மாகாணம் வரைக்குமா, நாட்டுக்கு விளையாடினவரா? பதில் மாவட்டத்தோட நின்றால் கேட்டவரின் முகத்தில் ஒரு இரக்கம் வரும். "பாவம், நல்ல ஆட்டக்காரன், மேல போகக் கிடைக்கேல்ல" என்ற ஒரு வசனத்தோட அந்த மனிசனின் இருபது வருச உழைப்பு முடிஞ்சுபோகும். அவர் எப்படி விளையாடினார், யாரை வென்றார், எத்தனை பிள்ளைகளைப் பழக்கிவிட்டார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி பிழையான கேள்வி என்பது எங்கள் கருத்து. அதைச் சொல்ல எங்களுக்குக் கிடைத்த நல்ல உதாரணம் எங்கட மண்ணோட ஒரு சம்பந்தமும் இல்லாத ஒருவர். பெயர் ரிச்சி எவன்ஸ். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் உள்ள ரோம் என்ற சின்ன நகரத்துக்காரர். தொழில் கார் ஓட்டப் பந்தயம். 'றேஸ்' என்றவுடன் எங்களில் பலருக்கு ஃபோர்முலா வன் தான் ஞாபகம் வரும்: மொனாக்கோ, ஃபெராரி, ஷாம்பெய்ன். எவன்ஸின் உலகம் அதுக்கு வெகு தூரம். அது சனிக்கிழமை இரவு, ஊருக்கு வெளியே ஒரு நீள்வட்டத் தடம், மரப்பலகை இருக்கைகள், எரிஞ்ச ரயர் மணம், கையெல்லாம் ஒயில் பிடித்த ஆட்கள்.

ஸ்டொக் கார் பந்தயம் பற்றி ஒரு சின்ன அறிமுகம் தேவை. கடையில் வாங்கின காரை அப்படியே கொண்டுவந்து ஓட்டுவதுதான் 'ஸ்டொக்' என்ற சொல்லின் ஆரம்பப் பொருள். நாஸ்கார் என்ற அமைப்பு 1948 பெப்ரவரியில் பதிவானது. ஆனால் அது நடத்திய முதல் பந்தயம் கடைக் கார்களுக்கானது இல்லை. 1948 பெப்ரவரி 15 ஆம் திகதி புளோரிடாவின் டேற்றோனா கடற்கரையில் ஓடியவை 'மொடிஃபைட்' கார்கள், அதாவது கராஜில் வெட்டி ஒட்டித் திருத்திய பழைய கார்கள். யுத்தம் முடிஞ்ச கையோட புதுக் கார்களுக்குத் தட்டுப்பாடு. அதனால் பழசைத் திருத்தி ஓடினார்கள். புதுக் கார்களுக்கான தொடர் 1949 ஜூனில்தான் தொடங்கியது. பிறகு தொலைக்காட்சியும் பெரிய கம்பனிகளின் காசும் அந்தத் தொடரின் பின்னால் போயின. அதுதான் பெரிய மேடை ஆனது. மூத்த பிள்ளையான மொடிஃபைட், வடகிழக்கு மாநிலங்களின் சின்னத் தடங்களில் 'பிராந்திய' விளையாட்டாக நின்றுவிட்டது.

இதை நாங்கள் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எது 'தேசியம்', எது 'உள்ளூர்' என்று யாரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை. கமெரா எங்கே திரும்பியதோ அது பெரிசானது. மற்றது சின்னதானது. காரின் வேகமோ ஓட்டுபவரின் திறமையோ அதைத் தீர்மானிக்கவில்லை.

பண்ணையிலிருந்து தடத்துக்கு

எவன்ஸ் 1941 இல் பிறந்தவர். பண்ணைக் குடும்பம். பதினாறு வயதில் வீட்டு வேலையை விட்டிட்டு ஒரு கராஜில் வேலைக்குப் போனார். முதலில் நேர்ப்பாதையில் இரண்டு கார் போட்டி போடும் 'ட்ராக்' பந்தயங்களில் ஓடினார். பிறகு 1962 இல் பக்கத்தில் இருந்த யூட்டிக்கா-ரோம் தடத்தில் ஸ்டொக் கார் ஓட வந்தார். கார் 1954 ஆம் ஆண்டு ஃபோர்ட். அதில் அவர் எழுதியிருந்த இலக்கம் பீ.ரீ.-109. அது அப்போது ஜனாதிபதியாக இருந்த கென்னடி உலகப் போரில் தளபதியாக இருந்த படகின் இலக்கம். இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவன் தன்ர பழைய காருக்கு என்ன பெயர் வைப்பானோ அப்படித்தான் வைத்திருக்கிறார்.

1965 இல் மொடிஃபைட் வகுப்புக்கு ஏறினார். அந்த வருசமே யூட்டிக்கா-ரோமில் அவரின் முதல் பிரதான வெற்றி வந்தது. இந்த மொடிஃபைட் காரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், அது ஒரு விநோதமான வண்டி. முன்சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மட்காட் கிடையாது. மேலே ஒரு சின்னக் காரின் கூடு. ஆரம்பத்தில் 1930களின் கூப் கார்க் கூடுகள், பிறகு எழுபதுகளில் பின்ட்டோ, வேகா போன்ற சின்னக் கார்களின் கூடுகள். உள்ளே இருக்கிறது ஒரு பெரிய வீ-8 எஞ்சின். பாரம் குறைவு, சக்தி கூட, ரயர் அகலம். அரை மைல் தடத்தில் இருபது முப்பது கார்கள் சக்கரத்தோடு சக்கரம் முட்டக்கூடிய தூரத்தில் ஓடும். மூடியில்லாத சக்கரம் ஒன்றோடொன்று தொட்டால் கார் மேலே எழும்பும். இதைக் கட்டுப்படுத்தி ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அங்கே பிழைத்தார்கள்.

எவன்ஸ் செம்மஞ்சள் நிறக் கார் ஓட்டினார், இலக்கம் 61. சொந்த ஊரின் பெயரை வைத்து அவரை 'றப்பிட் ரோமன்' என்று கூப்பிட்டார்கள். 1973 இல் முதல் தேசிய மொடிஃபைட் பட்டம். பிறகு 1978 இலிருந்து 1985 வரைக்கும் எட்டு வருசம் தொடர்ந்து பட்டம். மொத்தம் ஒன்பது. 1979 இல் மட்டும் 60 பந்தயங்கள் ஓடி 37 இல் வென்றார். 54 தரம் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தார். ஒரு வருசத்துக்கு 60 பந்தயம் என்றால், தடத்தில் ஓடுற நேரத்தை விட நெடுஞ்சாலையில் காரை இழுத்துக்கொண்டு போற நேரம்தான் கூட. அந்தக் காலத்து விதிப்படி நாஸ்கார் அனுமதித்த எந்தச் சின்னத் தடத்தில் ஓடினாலும் புள்ளி உண்டு. ஆகவே பட்டம் வேண்டும் என்றால் இரவு இரவாக ஊர் ஊராக அலைய வேண்டும். ஒரு இரவு கனெக்டிகட், அடுத்த இரவு நியூயோர்க், நடுவில் லொறி. ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து, திங்கள் காலை உடைஞ்சதைக் கழற்றிப் பூட்டத் தொடங்க வேண்டும்.

காரைக் கட்டியதும் அவரும் அவரைச் சுற்றி இருந்த ஆட்களும்தான், ரோமில் இருந்த அவரின் சொந்தக் கராஜில். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்து சாவி பிடித்த பலர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆனால் எவன்ஸுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, தொழில். வென்றால்தான் காசு. அந்தக் காசில்தான் அடுத்த கிழமை ரயர். 'பிராந்திய மட்டம்' என்றால் அரைகுறை மட்டம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேணும்.

ஒரு ஊர், பதினைந்து பட்டம்

எவன்ஸின் கதையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி ஜெரி குக் என்பவர். இவர் எவன்ஸின் பெரிய எதிரி. இவரும் இருந்தது அதே ரோம் நகரத்தில். 1971, 1972 பட்டங்கள் குக்குக்கு. 1973 எவன்ஸுக்கு. 1974 இலிருந்து 1977 வரை நாலும் குக்குக்கு. அதுக்குப் பிறகு எட்டும் எவன்ஸுக்கு. கூட்டிப் பாருங்கோ: 1971 இலிருந்து 1985 வரைக்கும் பதினைந்து வருசம் அமெரிக்காவின் மொடிஃபைட் பட்டம் ரோம் என்ற ஒரே ஊரை விட்டு வெளியே போகவில்லை. செப்புத் தொழிற்சாலைகளும் ஒரு விமானப்படைத் தளமும் வைத்துப் பிழைத்த, எழுபதுகளில் ஐம்பதாயிரம் பேருக்குக் கிட்டத்தான் இருந்த ஒரு ஊர் அது.

இது தற்செயலா? நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஒரு நல்ல எதிரி பக்கத்துத் தெருவில் இருந்தால் ஒருத்தரும் சோம்பி இருக்க ஏலாது. குக் புள்ளிக் கணக்கில் கெட்டிக்காரர். எந்தத் தடத்துக்குப் போனாலும் காரை உடைக்காமல் முடித்து, புள்ளியைச் சேர்த்துக்கொண்டு போவார். எவன்ஸ் வெல்வதற்கென்றே வருவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு எடுத்த முயற்சியில் இருவருமே நாட்டில் முதலாம் இரண்டாம் ஆட்களாக ஆனார்கள். உலகத்தரம் என்பது வெளியிலிருந்து பெட்டியில் போட்டு இறக்குகிற சாமான் இல்லை. ஒரு ஊரில் இரண்டு பேர் விடாமல் முட்டினாலே அது உருவாகும். கிராமத்து கரப்பந்தாட்டக் கழகங்களுக்குள் நடக்கிற போட்டியைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அதை ஒரு சாதனை என்று கணக்கில் எடுக்க மட்டும் எங்களுக்குத் தயக்கம்.

போனவரும் இருந்தவரும்

இனி ஜெஃப் பொடைன். இவரும் நியூயோர்க் மாநிலத்துக்காரர், இவரும் மொடிஃபைட் ஓட்டுநர். 1978 இல் ஒரே பருவத்தில் 55 பந்தயங்களை வென்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தவர். ஆனால் அந்த வருசப் பட்டம் எவன்ஸுக்குத்தான் போனது. 1981 இல் வேர்ஜீனியாவில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடத்தில் இந்த இருவருக்கும் நடந்த முடிவை இன்றைக்கும் ரசிகர்கள் கதைப்பார்கள். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. இரண்டு காரும் முட்டின. எவன்ஸின் கார் மதிலில் ஏறி, ஒரு சக்கரம் போய், மூன்று சக்கரத்தில் இழுபட்டுக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டியது. வெற்றி அவருக்கே.

அதுக்கு அடுத்த வருசம், 1982 இல், பொடைன் பெரிய மேடையான வின்ஸ்டன் கப் தொடரில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். 1986 இல் டேற்றோனா 500 ஐ வென்றார். அந்த மேடையில் மொத்தம் 18 வெற்றி. எவன்ஸ் மொடிஃபைடிலேயே இருந்தார்.

இந்த இரண்டு வாழ்க்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கட வழமையான கணக்கு குழம்பிவிடும். பொடைன் 'போனவர்', எவன்ஸ் 'போகாதவர்'. ஆனால் ஒரே தடத்தில், ஒரே மாதிரிக் காரில், இரண்டு பேரும் சந்தித்தபோது எவன்ஸ் ஒரு படி குறைந்த ஓட்டுநராக இருக்கவில்லை. பிறகு 1998 இல் நாஸ்கார் தன் ஐம்பது ஆண்டு நிறைவுக்காக ஐம்பது சிறந்த ஓட்டுநர்களைத் தெரிந்தபோது பொடைன், குக், எவன்ஸ் மூவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2012 இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்துக்குள் எவன்ஸ் சேர்க்கப்பட்டார். தன் முழு வாழ்க்கையையும் மொடிஃபைடில் கழித்த ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் தரம். அந்தத் தொடரில் 61 என்ற இலக்கத்துக்கு ஓய்வும் கொடுத்தார்கள்.

அவர் ஏன் போகவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லலாம். அந்தக் காரணம் எங்களுக்கு முக்கியமில்லை. தன்ர கராஜ், தன்ர ஆட்கள், தன்ர ரசிகர்கள், அடிக்கடி வெற்றி. இதை விட்டிட்டுப் போகாதவரைப் பார்த்து "பாவம்" என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கு? அதுதான் எங்கட கேள்வி.

இருக்க விட்டதும் விடாததும்

இந்த இடத்தில் ஒரு நேர்மையான எதிர்வாதம் உண்டு. "இருக்கிறதே பெருமை என்று சொன்னால், மேலே போக விடாமல் தடுக்கப்பட்டவர்களின் கதையை மறைக்கிறதாகப் போயிடும்" என்று ஒருவர் சொல்லலாம். சரியான வாதம். அதற்கும் இந்த விளையாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

மார்ட்டின்ஸ்வில்லுக்குக் கிட்ட, வேர்ஜீனியாவின் டன்வில் நகரத்தில் வென்டெல் ஸ்கொட் என்றொரு கறுப்பின ஓட்டுநர் இருந்தார். ஐம்பதுகளில் தென்மாநிலங்களின் சின்னத் தடங்களில் ஓடித் தொடங்கியவர். தன்ர காரைத் தானே திருத்தி, குடும்பத்தையே மெக்கானிக்காக வைத்து ஓடியவர். 1963 டிசம்பர் 1 ஆம் திகதி புளோரிடாவின் ஜக்சன்வில்லில் நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் வென்றார். ஆனால் கொடி வேறொருவருக்கு ஆட்டப்பட்டது. கிண்ணமும் வேறொருவருக்குப் போனது. சனம் கலைந்து மணித்தியாலங்கள் கழித்துத்தான் "நீதான் வென்றாய்" என்று சொன்னார்கள். 1990 இல் அவர் இறக்கும் வரை உரிய கிண்ணம் அவர் கைக்கு வரவில்லை. 2021 இல்தான் அவரின் குடும்பத்துக்கு அது கொடுக்கப்பட்டது.

ஆகவே 'இருத்தல்' என்பதில் இரண்டு வகை உண்டு. எவன்ஸ் வெள்ளையர். அவருக்குக் கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே போகாமல் இருந்தார். ஸ்கொட் கதவைத் தட்டித் தட்டி உள்ளே போனவர், போன பிறகும் அவமதிக்கப்பட்டவர். இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டு "மேல போகேல்ல" அல்லது "பெரிசாச் சாதிக்கேல்ல" என்று முடிப்பதுதான் "எதுவரைக்கும் போனவர்?" என்ற கேள்வியின் பெரிய அநியாயம். போகாதவரையும் விடப்படாதவரையும் அந்தக் கேள்வியால் பிரித்தறிய ஏலாது. கதவைப் பூட்டி வைத்தவர்களைப் பற்றி அது ஒரு வார்த்தையும் கேட்காது. குற்றம் முழுக்க ஓடினவரின் தலையில் விழும்.

சின்ன மேடையில் செத்தால்

எங்கட வாதத்தில் மிகக் கசப்பான பகுதிக்கு வந்துவிட்டோம். 1985 இல் மொடிஃபைட் பட்டத்தின் விதி மாறியது. எல்லாத் தடத்திலும் ஓடிப் புள்ளி சேர்க்கும் முறை போய், குறிப்பிட்ட பந்தயங்கள் கொண்ட ஒரு சுற்றுத் தொடர் வந்தது. அதன் பணிப்பாளராக வந்தவர் வேறு யாருமில்லை, 1982 இல் ஓட்டத்தை நிறுத்திய பழைய எதிரி ஜெரி குக்தான். எவன்ஸ் அந்த வருசம் 12 பந்தயம் வென்றார். ஒக்டோபரில் கனெக்டிகட்டின் தொம்சன் தடத்தில் ஒன்பதாவது பட்டத்தை உறுதி செய்தார். ஒரு கிழமை கழித்து, ஒக்டோபர் 24 ஆம் திகதி, மார்ட்டின்ஸ்வில்லில் பயிற்சி ஓட்டத்தின்போது மூன்றாவது வளைவின் மதிலில் மோதி இறந்தார். வயது 44. நான்கு வருசத்துக்கு முன் மூன்று சக்கரத்தில் வென்ற அதே தடம்.

அவரோட இது முடியவில்லை. அடுத்த நாலு வருசத்துக்குள் மொடிஃபைட் ஓட்டுநர்கள் இன்னும் சிலர் சின்னத் தடங்களில் இறந்தார்கள். காரணம் என்ன என்று தேடியபோது ஒரு முரண் தெரிந்தது: கார்கள் அளவுக்கு மீறி உறுதியாக இருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் உறுதியான கார் நல்ல கார்தானே என்று தோன்றும். ஆனால் மதிலில் மோதும்போது காரின் முன்பகுதி மடிய வேண்டும். மடியும்போதுதான் அந்த விசை அங்கே செலவாகும். மடியாவிட்டால் அது நேரே உள்ளே இருக்கிற ஆளின் கழுத்துக்குப் போகும். பிறகு கார் கட்டுகிறவர்கள் சட்டகத்தின் முன்பகுதியை மடியக்கூடிய விதமாக மாற்றத் தொடங்கினார்கள்.

தலையையும் கழுத்தையும் பிடித்து வைக்கும் 'ஹான்ஸ்' என்ற கருவி எண்பதுகளின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆனால் நாஸ்காரின் பெரிய தொடர்களில் தலை, கழுத்துப் பாதுகாப்புக் கருவி கட்டாயமானது 2001 ஒக்டோபரில். அதே வருசம் பெப்ரவரியில் டேற்றோனா 500 இன் கடைசிச் சுற்றில், தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, அந்த மேடையின் மிகப் பெரிய நட்சத்திரமான டேல் ஏர்ன்ஹார்ட் இறந்திருந்தார். எவன்ஸ் இறந்து அப்போது பதினைந்து வருசத்துக்கு மேல்.

நாங்கள் ஒருவரின் சாவை இன்னொருவரின் சாவோடு ஒப்பிட்டு மதிப்பிடவில்லை. ஆனால் கமெரா இருக்கிற இடத்தில் விழுகிற இரத்தம் விதியை மாற்றுது, கமெரா இல்லாத இடத்தில் விழுகிறது 'விபத்து' என்று எழுதி மூடப்படுது. 'உள்ளூர்' என்ற சொல் இப்படித்தான் ஆளைக் கொல்லும். முதலில் அது "இது சின்ன விசயம்" என்று சொல்லும். சின்ன விசயம் என்றபடியால் அம்புலன்ஸ் தேவையில்லை, வைத்தியர் தேவையில்லை, நல்ல வேலி தேவையில்லை, காப்புறுதி தேவையில்லை. கடைசியில் ஒருவர் செத்தால் அதுவும் சின்ன விசயம்.

அதனால் 'ஊரோட இருந்தவர்' என்று எவன்ஸைப் புகழ்வதோடு நிற்க எங்களுக்கு விருப்பமில்லை. "அவர் காசுக்கு ஓடேல்ல, ஆசைக்கு ஓடினவர்" என்ற வசனம் கேட்க வடிவாக இருக்கும். ஆனால் அது பல இடங்களில் சம்பளம் கொடுக்காமல் இருப்பதற்கும் பாதுகாப்புக்குச் செலவழிக்காமல் இருப்பதற்கும் சொல்லப்படுகிற சாட்டு. ஒரு ஆளின் ஆசையைக் காட்டி அவருடைய உயிரை மலிவாக்க ஏலாது. பிராந்திய மட்டம் உண்மையான மட்டம் என்று நாங்கள் சொன்னால், அங்கே ஓடுகிற, விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் பெரிய மேடையில் கிடைக்கிற அதே பாதுகாப்பைக் கேட்க வேண்டியதும் எங்கள் கடமை ஆகிறது.

எண்ணப்படாத வெற்றிகள்

இன்னொன்றும் இருக்கு. ரிச்சி எவன்ஸ் மொத்தம் எத்தனை பந்தயம் வென்றார்? 'நானூறுக்கு மேல்' என்றுதான் எழுதுகிறார்கள். பெரிய மேடையில் ரிச்சர்ட் பெட்டி வென்றது 200 என்று எல்லாருக்கும் தெரியும், ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. அங்கே ஒவ்வொரு பந்தயத்துக்கும் பதிவு இருக்கு. எவன்ஸ் ஓடிய பல சின்னத் தடங்களின் முடிவுகள் உள்ளூர்ப் பத்திரிகையின் ஒரு மூலையிலோ, யாரோ ஒரு ரசிகரின் கொப்பியிலோ கிடந்தவை. சில தடங்கள் மூடப்பட்டுவிட்டன. ஒன்பது தரம் சம்பியனான ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஒரு தடத்தில் ஒரு வருசம் மட்டும் நன்றாக ஓடிய ஆளின் கதி என்ன?

ஆனாலும் எவன்ஸ் காணாமல் போகவில்லை. காரணம், வடகிழக்கு அமெரிக்காவின் மொடிஃபைட் ரசிகர்கள் விடாப்பிடியானவர்கள். படம் எடுத்து வைத்தார்கள், முடிவுகளைக் குறித்து வைத்தார்கள், அவரைப் பார்த்தவர்களைத் தேடிப் பேட்டி எடுத்தார்கள், அவர் பெயரில் பந்தயம் நடத்தினார்கள். இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு புகழ் மண்டபத்தின் கதவு திறந்ததற்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது. பிறகு 2016 இல் குக்கும் அங்கே போனார். அதற்குப் பிறகு, வடகிழக்கின் இரு பிராந்தியத் தொடர்களிலுமாக மொத்தம் ஒன்பது பட்டம் வென்ற மைக் ஸ்டெஃபனிக்கும் சேர்க்கப்பட்டார். எவன்ஸுக்குத் திறந்த கதவு அவருக்குப் பின்னால் மூடப்படவில்லை.

எங்கட வயதுக்காரர் பலரின் தலைக்கு மேலும் "எதுவரைக்கும் போனாய்?" என்ற கேள்வி தொங்குது. விளையாட்டில் மட்டும் இல்லை. படிப்பில், வேலையில், எழுத்தில், நாடகத்தில், எல்லாத்திலும். கொழும்புக்குப் போனால் ஒரு புள்ளி, வெளிநாட்டுக்குப் போனால் பத்துப் புள்ளி. போறவர்களைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பொடைன் போனது சரி. போகத்தான் வேண்டியிருக்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்களின் காரணங்களும் எங்களுக்குத் தெரியும். நாங்கள் மறுப்பது, இருந்தவரின் வாழ்க்கையைத் தோல்வி என்று எழுதுகிற அந்தப் புள்ளிக் கணக்கை.

அதனால் ஒருவரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளை மாற்றிக் கேட்போம். என்ன செய்தவர், யாரோடு மோதினவர், அவரால் யார் வளர்ந்தது? மேலே போகவில்லை என்றால், மனமில்லையா, வழியில்லையா? வழியில்லை என்றால் மறித்தது யார்? அவர் ஓடிய இடத்தில் அவருடைய உயிருக்கு யார் பொறுப்பாக இருந்தது?

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலையும் இருக்கு. உங்கட ஊரில் ஒரு பழைய கரப்பந்தாட்டக்காரர், ஒரு சைக்கிள் ஓட்டக்காரர், கழகத்துக்காக இருபது வருசம் ஓடின ஒரு அக்கா இருப்பார். ஒரு பின்னேரம் போய் அவரோட இருந்து கதையுங்கோ. எந்த வருசம், எந்த மைதானம், எதிர்த்து விளையாடினது யார், எத்தனை புள்ளி, காயப்பட்டபோது யார் தூக்கிக்கொண்டு போனது என்று கேட்டு எழுதி எடுங்கோ. கழகத்தின் பழைய ஸ்கோர் கொப்பி எங்கேயாவது கிடந்தால் கறையான் தின்ன முதல் படம் பிடித்து வையுங்கோ. எழுதினதை எங்களுக்கும் அனுப்புங்கோ, நாங்கள் போடுவோம்.